6,800 யூரோ ஹெல்மெட்

கேள்வி: ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரில் இருக்கிறேன். பழைய ராணுவப் பொருள்கள் சேர்ப்பது பல வருடப் பழக்கம். இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனி சோதனைக்காக மட்டும் செய்த ‘பி-2’ வகை ஹெல்மெட் என்று சொல்லி ஒருவர் 6,800 யூரோ கேட்கிறார். அவருடைய தாத்தா தாலே ஆலையில் வேலை பார்த்தவராம், 1944ல் வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். வெளியே இடப்பக்கம் கழுகுச் சின்னம், வலப்பக்கம் கறுப்பு வெள்ளை சிவப்புக் கேடயம். உள்ளே தோல் உறை. தாத்தாவின் புகைப்படமும் ஒரு ‘நிபுணர் சான்றிதழும்’ சேர்த்துத் தருகிறார். இந்த வாரத்துக்குள் 2,000 யூரோ முன்பணம் போடாவிட்டால் அமெரிக்காவில் இருந்து ஒருவர் வாங்கிவிடுவாராம். 11 படங்கள் இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? நானே பார்க்கக்கூடிய சோதனைகள் என்னென்ன?

பதில்: முன்பணம் போடாதீர்கள். படங்களில் தெரிவதை வைத்துச் சொன்னால், உங்களிடம் விற்கப் பார்ப்பது பெரும்பாலும் கிழக்கு ஜெர்மனியின் எம்-56 ஹெல்மெட். அதற்குச் சில பத்து யூரோ கொடுத்தால் போதும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். அடுத்த முறை வேறொருவர் வேறொரு ‘சோதனை மாதிரி’யோடு வரும்போதும் இதே வழிகள் உதவும்.

முதலில் வரலாறு, ஏனென்றால் இந்த ஏமாற்று அதில்தான் ஒளிந்திருக்கிறது. ஜெர்மன் ராணுவம் போர் முழுக்க அணிந்தது 1935ல் வந்த எம்-35ம் அதன் மாற்றங்களான எம்-40, எம்-42ம். காதுக்கு மேல் ஒரு மடிப்பு இறங்கி, பிறகு விளிம்பு வெளியே விரியும் அந்த உருவம் எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கச் சுவர் கிட்டத்தட்ட நேராக நிற்பதால் தோட்டாவோ சிதறலோ செங்குத்தாக மோதும். 1942ல் பெர்லினில் இருந்த ராணுவ உலோக ஆய்வு நிறுவனம் ஒன்று இதைச் சரிசெய்ய இறங்கியது. உச்சியில் இருந்து விளிம்பு வரை ஒரே சரிவாக இறங்கும், மோதியதைச் சறுக்கிவிடும் வடிவம். ஏ, பி, பி-2, சி என்று மாதிரிகள் செய்து 1943 முதல் சோதித்தார்கள். பி வகைகள் நன்றாகத் தேறின. 1944 இலையுதிர் காலத்தில் ஹிட்லர் வேண்டாம் என்று சொல்லிவிட, திட்டம் அதோடு நின்றது.

அந்த வடிவம் மட்டும் சாகவில்லை. 1956 மார்ச் 1ல் கிழக்கு ஜெர்மனியின் தேசிய மக்கள் ராணுவம் தொடங்கப்பட்டபோது, இதே பி-2 வடிவத்தை அடியொற்றி எம்-56 ஹெல்மெட் வந்தது. அதைச் செய்தது தாலே ஆலை. பெருமளவில் செய்தார்கள், 1990ல் அந்த ராணுவம் கலைக்கப்பட்டதும் கிடங்கு கிடங்காக வெளியே வந்து சந்தையில் மலிவாகக் குவிந்தது. ஆக, மிக அரிதான ஒரு பொருளுக்கும் மிக மலிவான ஒரு பொருளுக்கும் முகம் ஒன்று. விலை வித்தியாசமோ நூறு மடங்கு. இப்படி ஓர் இரட்டை கிடைத்தால் சந்தை சும்மா இருக்குமா?

இப்போது தாத்தாவிடம் வருவோம். ஹார்ஸ் மலையடிவாரத்தில் உள்ள தாலே ஆலை போர்க்காலத்திலும் ஹெல்மெட் செய்தது. அப்போது முதலில் ‘ஈ.டி.’, பிறகு ‘சி.கே.எல்.’ என்ற அடையாளத்தைக் குத்தினார்கள். போருக்குப் பிறகும் அதே ஊர், அதே ஆலை, எம்-56. தாத்தா அங்கே வேலை பார்த்தார் என்பது முழு உண்மையாகவே இருக்கட்டும். 1958ல் வேலை பார்த்தவரும் தாலே தாத்தாதான். அவர் வீட்டுப் பரணில் எம்-56 கிடந்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. இந்தக் கதை உங்கள் சந்தேகத்தைக் குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.

அடுத்தது சின்னங்கள். விற்பவர் சறுக்கிய இடம் இதுதான். மூவண்ணக் கேடயத்தை நீக்கச் சொல்லித் தரைப்படைக்கு 1940 மார்ச்சில் உத்தரவு வந்தது. கழுகும் 1943 ஆகஸ்ட் 28ல் கைவிடப்பட்டது. 1944ல் ஆலையில் இருந்து வந்ததாகச் சொல்லும் சோதனை ஹெல்மெட்டில் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன என்றால், ஒன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பும் மற்றது முந்தைய ஆண்டிலும் நின்றுபோன வழக்கத்தை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் தனியாக உயிர்ப்பித்தார்களா? இதைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று இப்போதே சொல்லிவிடலாம்: “அது சோதனை மாதிரி, அதனால்தான் வித்தியாசம்.”

‘சோதனை’ என்ற சொல்லைக் கவனமாகக் கையாள வேண்டும். ஒரு சாதாரண எம்-40ஐ விற்பவர் ஆலை முத்திரை, அளவு எண், பின்புறத் தொகுதி எண், ரிவெட் வகை, பெயிண்ட் எல்லாவற்றிலும் மாட்டிக்கொள்ள முடியும், ஒப்பிட ஆயிரக்கணக்கில் உண்மைப் பொருள்கள் இருக்கின்றன. சோதனை மாதிரிக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் முத்திரை இல்லையென்றால் ‘சோதனை’, ரிவெட் தப்பான இடத்தில் இருந்தால் ‘சோதனை’, சின்னம் பொருந்தவில்லையென்றாலும் ‘சோதனை’. பொருந்தாதவை எல்லாம் சான்றாகிவிடுகின்றன. வாங்குபவர் இதைத் தலைகீழாக்க வேண்டும்: ஒப்பிட எதுவும் இல்லாத பொருளுக்குத்தான் ஆவணம் அதிகம் வேண்டும். ஆவணம் இல்லாதவரை அது எம்-56 என்றே வைத்து, எம்-56 விலைதான்.

இனி கையால் பார்ப்பது. நேரில் போய்ப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். கையோடு கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், பத்து மடங்கு உருப்பெருக்கி, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், பழைய கார் வாங்குபவர்கள் வைத்திருக்கும் பெயிண்ட் தடிமன் மீட்டர், சமையலறைத் தராசு, ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை.

முதலில் உங்கள் ஏழாவது படம். உள்ளே பின்புறம், விளிம்பில் இருந்து இரண்டு விரல் மேலே, பெருவிரல் அளவுக்கு ஓரிடம் மட்டும் வழவழவென்று இருக்கிறது. அதைச் சுற்றிப் பெயிண்ட் சொரசொரப்பு, அங்கே மட்டும் ஒளி வழுக்கிக்கொண்டு போகிறது. எதையோ தேய்த்து எடுத்துவிட்டு மேலே பூசியது போலத் தெரிகிறது. ஹெல்மெட்டின் உள்பக்கம் அளவும் தேதியும் குத்தும் இடம். டார்ச்சைத் தகட்டோடு தகடாக, கிட்டத்தட்டப் படுக்க வைத்து அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. தேய்த்த இடம் சிறு பள்ளமாகத் தெரியும், எழுத்து ஆழமாகக் குத்தப்பட்டிருந்தால் அதன் அடித்தடம் மிச்சம் இருக்கும். தேய்த்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும் என்பதால், தடிமன் அளக்கும் அல்ட்ராசவுண்ட் மீட்டர் கிடைத்தால் பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டாலே போதும்.

அடுத்தது அடைத்த துளைகள். உள்ளமைப்பை, அதாவது தோல் உறையையும் அதைத் தாங்கும் உள்பட்டையையும், மாற்றி மாட்டினால் பழைய ரிவெட் துளைகளை அடைத்தாக வேண்டும். டிங்கரிங் கடையில் காருக்குப் பட்டி போடுவது போலப் பட்டி வைத்திருப்பார்கள், கொஞ்சம் கவனமுள்ளவர் வெல்டிங் வைத்துத் தேய்த்திருப்பார். பட்டியைப் பிடிக்கப் பெயிண்ட் மீட்டர் போதும். இந்த மீட்டர் இரும்புக்கும் தன் முனைக்கும் உள்ள இடைவெளியைக் காந்த முறையில் அளக்கிறது. பெயிண்டையும் பட்டியையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது, அதுவே நமக்கு வசதி. உச்சியில் இருந்து விளிம்பு வரை எட்டுக் கோடுகளாக மனதில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஐந்து இடம், மொத்தம் 40 அளவுகளைத் தாளில் எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட ஏற்றத்தாழ்வுதான் முக்கியம். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, திடீரென்று ஒரு நாணய அளவு இடத்தில் பல நூறு மைக்ரான் ஏறினால் அங்கே பட்டி. ஒரே உயரத்தில் சம தூரத்தில் அப்படி இரண்டு மூன்று இடம் வந்தால், அது பழைய ரிவெட் வரிசை. உருண்டையான பரப்பில் மீட்டர் முனையைச் செங்குத்தாக வைக்காவிட்டால் அளவு தவறும். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை வைத்து நடு எண்ணை எடுங்கள்.

வெல்டிங் வைத்து அடைத்ததை மீட்டர் காட்டாது, அங்கே இரும்புதான் இருக்கிறது. அதற்கு உள்பக்கத்தில் வட்டமான மேடு, சூட்டில் பெயிண்ட் நிறம் மாறிய வளையம், விரல் நகத்தால் உரசும்போது தட்டும் சிறு கரை இவற்றைப் பாருங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பற்றவைப்பு ஆய்வு செய்யும் தொழிற்கூடத்தில் எக்ஸ்ரே. பல ஆயிரம் யூரோ விலைக்கு அது பெரிய செலவல்ல.

ரிவெட்டுகள் அதிகம் பேசும். போர்க்கால ஜெர்மன் ஹெல்மெட்டில் உள்ளமைப்பைப் பிடிப்பது பிளவு ரிவெட். வெளியே தலை, உள்ளே இரண்டு கால்கள், ஆலையில் ஒரே முறை விரித்து மடக்கியிருப்பார்கள். நிமிர்த்தி மறுபடி மடக்கினால் மடிப்பில் நுண்ணிய கீறல் விழும், பூச்சு செதில் செதிலாகப் பெயரும், சில கால்கள் முறிந்தே போகும். உருப்பெருக்கியில் மடிப்பை மட்டும் பாருங்கள். வெளித்தலையில் ஹெல்மெட் பெயிண்டும் ரிவெட் பெயிண்டும் ஒரே படலமாகப் பாலம் போட்டிருந்தால், எல்லாவற்றையும் மாட்டிய பிறகு மொத்தமாக மறுபூச்சு நடந்திருக்கிறது. அதிலிருந்தே மோசடி என்று முடிவு கட்ட முடியாது, படைப்பிரிவிலேயே மறுபூச்சு செய்ததும் உண்டு. ஆனால் ‘1944ல் இருந்து யாரும் தொடவில்லை’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

சின்னங்களின் மேல் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். உங்கள் மூன்றாவது படத்தில் ஒரு நீளக் கீறல் கேடயத்தின் ஓரம் வரை வந்து, அதன் அடியில் நுழைந்து, மறுபக்கம் வெளியே வருகிறது. கேடயத்தின் மேல் கீறல் இல்லை. கீறல் விழுந்த பிறகுதான் சின்னம் ஒட்டப்பட்டிருக்கிறது. தொட்டுப் பார்க்கும் தேவையே இல்லை, படமே சொல்லிவிட்டது.

புற ஊதா வெளிச்சத்தை இருட்டறையில் நூல், துணி, சான்றிதழ்த் தாள், தாத்தாவின் புகைப்படத்துக்குப் பின்புறம் எல்லாவற்றின் மேலும் அடியுங்கள். போருக்குப் பிறகு துணியிலும் காகிதத்திலும் பரவலாகச் சேர்க்கப்பட்ட வெண்மையூட்டும் ரசாயனம் நீலவெள்ளையாக ஒளிரும். தோல் உறையைத் தைத்த நூல் பளீரென்று ஒளிர்ந்தால் அது பிந்தைய தையல். எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்கட்டும்: இன்றைய சோப்புத்தூளில் துவைத்தால் பழைய நூலும் ஒளிரும், ஒளிராத நூல் இன்றும் கடையில் கிடைக்கிறது. ஒளிர்ந்தால் கேள்வி கேட்க வேண்டும், ஒளிரவில்லை என்பதை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது.

துரு பற்றி ஒரு வார்த்தை. உப்புத் தண்ணீரோ அமிலமோ தெளித்து வரவழைத்த துரு எங்கும் ஒரே ஆரஞ்சு நிறமாக, விரலில் ஒட்டும் தூளாக இருக்கும். பல பத்தாண்டுத் துரு கரும்பழுப்பு, இறுகியது, காரணமுள்ள இடத்தில் இருக்கும்: வியர்வை தேங்கும் உள்பட்டைக்கு அடியில், விளிம்பில், ரிவெட்டைச் சுற்றி. உச்சியின் வெளிப்புறம் மட்டும் துருப்பிடித்து உள்பட்டையின் அடி புத்தம்புதிதாக இருந்தால், வெளியே மட்டும் ஈரம் எப்படித் தேங்கியது என்று கேளுங்கள்.

பெயிண்ட் கரைகிறதா என்று பார்க்க அசிட்டோன் தொட்ட பஞ்சு போதும். அடுப்பில் வாட்டிய பழைய பெயிண்ட் எளிதில் இளகாது, ஸ்ப்ரே டப்பா பெயிண்ட் சில நொடியில் பஞ்சில் ஏறும். விற்பவரின் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாது. செய்தாலும் உள்பட்டைக்கு அடியில் ஒரு புள்ளி அளவுக்குத்தான், சின்னத்துக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. எம்-56ன் ஆலைப் பூச்சும் அசிட்டோனைத் தாங்கும் என்பதால், இது நேற்றைய ஸ்ப்ரே வேலையைப் பிடிக்குமே தவிர 1944ஐயும் 1956ஐயும் பிரிக்காது.

அந்தப் பிரிவைச் செய்யக்கூடிய ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று உண்டு, தோலுக்கு மட்டும். 1950களின் நடுவில் இருந்து அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறி, 1963 வாக்கில் வடகோளத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கானது. அந்தக் காற்றில் வளர்ந்த புல்லைத் தின்ற மாட்டின் தோலில் அது பதிந்திருக்கும். சில பத்து மில்லிகிராம் தோல் போதும், செலவு சில நூறு யூரோ. கூடுதல் கார்பன்-14 இருந்தால் அந்தத் தோல் நிச்சயம் போருக்குப் பிந்தையது. இல்லாவிட்டால் தோல் பழையதாக இருக்கலாம், அவ்வளவே. உடைந்த எம்-40ல் இருந்து பழைய உறையைக் கழற்றி எம்-56ல் மாட்ட ஒரு மாலை நேரம் போதும். இரும்புக்கு இப்படி எளிய வழி கிடையாது. 1945க்குப் பிந்தைய எஃகில் கதிரியக்கத் தடம் இருக்கும் என்று யாராவது சொன்னால், மிக நுட்பமான கருவி வேண்டிய வேலை அது. இந்த விலையில் உள்ள பொருளுக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆவணங்களைப் பார்ப்போம். தாத்தாவின் படத்தில் அவர் தலையில் ஹெல்மெட் இல்லை, இருந்தாலும் அது இந்த ஹெல்மெட் என்று ஆகாது. கீறல், பள்ளம் என்று இந்த ஒரே பொருளை அடையாளம் காட்டும் ஏதாவது பழைய படத்தில் தெரிந்தால்தான் அது வரலாற்றுச் சங்கிலியில் ஒரு கண்ணி. சான்றிதழில் ஆய்வு செய்தவர் யார், எந்தத் தேதியில், என்ன சோதனை செய்தார், அளவுகள் என்ன என்பது எதுவும் இல்லை. ‘அசல் என்று உறுதியளிக்கிறேன்’ என்ற ஒரு வரியும் தங்க நிற முத்திரையும்தான். அதைத் தனியாக விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள். கேட்க வேண்டியவை வேறு: தாத்தாவின் வேலைப் பதிவேடு எந்த ஆண்டுகளுக்கு உரியது, ஹெல்மெட் இதற்கு முன் எந்த ஏலத்திலாவது வந்ததா, வந்திருந்தால் அந்த ஏலத்தின் எண்ணும் படமும். பழைய ராணுவத் தளவாட அலுவலகத்தின் எஞ்சிய கோப்புகள் ஃப்ரைபர்க் நகரில் உள்ள கூட்டாட்சி ராணுவ ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. டிரெஸ்டனில் ராணுவ வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. அருங்காட்சியகங்கள் பொதுவாக விலை சொல்லாது, உங்கள் பொருளுக்குச் சான்றும் எழுதாது. ஆனால் தங்கள் கையிருப்பு பற்றிக் குறிப்பான கேள்வி கேட்டால் பதில் வர வாய்ப்புண்டு.

சட்டம் இரண்டு இடத்தில் வருகிறது. கழுகின் காலடியில் ஸ்வஸ்திகா இருக்கிறது. ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி அதைப் பொதுவெளியில் காட்டுவது குற்றமாகலாம். வீட்டில் வைத்திருப்பதில் சிக்கல் இல்லை, ஆனால் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடும் முன் சின்னத்தை மறையுங்கள். அடுத்தது ஒப்பந்தம். தனியார் விற்பனையில் ‘உத்தரவாதம் கிடையாது’ என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினாலும், பொருள் இன்ன தன்மையுடையது என்று அதே ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தத் தன்மைக்கு விலக்கு செல்லாது. ஆகவே வாங்குவது எதுவானாலும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: ‘இது 1943–44ல் செய்யப்பட்ட சோதனை ஹெல்மெட், 1945க்குப் பின் செய்யப்பட்டதல்ல, அடைத்த துளைகளோ மறுபூச்சோ இல்லை.’ இந்த வரியில் கையெழுத்துப் போட மறுப்பவர் தன் பொருளைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரிந்தவர். 14 நாள் ஆய்வு, பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப என்பதும் எழுத்தில் வேண்டும். இணையப் பணச் சேவைகளில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் போகக் கூடாது, அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு கிடையாது.

அமெரிக்க வாங்குநர் உண்மையாகவே இருந்தால் இருக்கட்டும். அவரும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார்.

விற்பவருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: “ஹெல்மெட்டை நேரில் பார்த்து பெயிண்ட் தடிமன் அளக்க விரும்புகிறேன். உள்பக்கப் பின்புறத்தில் தேய்த்த இடம் எதனால் வந்தது? 1943க்குப் பிறகு சின்னங்கள் ஏன் ஒட்டப்பட்டன? 1943–44 தயாரிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவீர்களா?” பதிலே வராமல் போகலாம், அல்லது விலை திடீரென்று பாதியாகலாம். பாதி விலைக்கும் வாங்காதீர்கள். 50 யூரோவுக்கு இறங்கினால் வாங்கலாம். போலிச் சின்னங்களை நீங்களே சுரண்ட வேண்டாம், அடியில் ஆலையின் சாம்பல்நிறப் பூச்சு நல்ல நிலையில் இருக்கக்கூடும். ஏழாவது படத்தில் உள்ள இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை எடுத்து அனுப்புங்கள், எழுத்து ஏதாவது மிச்சம் இருந்தால் எந்த ஆண்டு என்று படிக்கப் பார்க்கலாம்.